நூற்றில் அந்த ஏழு பேர்

மாத்திரை அட்டையோடு எட்டாக மடித்து ஒரு காகிதம் வைத்திருப்பார்களே, அதை முழுசாகப் படித்தவர்கள் எத்தனை பேர்? கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்த நாளிலிருந்து நானும் படித்ததில்லை. பெட்டியைத் திறந்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான். படித்தது எல்லாம் முடிந்த பிறகு. அப்போது ஒரு நாவலைப் படிப்பதுபோல வரிவரியாக, சில இடங்களில் அடிக்கோடு போட்டுப் படித்தேன்.

இந்தக் கட்டுரை அந்தக் காகிதத்தைப் பற்றியது. அதில் உள்ள ஓர் எண்ணைப் பற்றியது. எண்ணும் ஒரு பிரதிதான். யாரோ எழுதியது, யாரையோ மனதில் வைத்து எழுதியது. அதில் சிலர் இருக்கிறார்கள், சிலர் இல்லை. கவிதையை இப்படிப் படிக்கலாம் என்றால் ஒரு சதவீதத்தையும் படிக்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கு 27 வயது. கல்யாணமாகி இரண்டு வருஷம். சென்னையில் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வாடகை வீடு. குழந்தை இப்போது வேண்டாம் என்று அவரும் நானும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். 21 மாத்திரை, பிறகு ஏழு நாள் இடைவெளி, பிறகு புது அட்டை. ராத்திரி பத்து மணிக்குப் போடுவேன். படுக்கையறை பீரோவில், துணிகளுக்கு அடியில் அட்டை இருக்கும். பதினாலு மாசம் ஒரு நாள் விடாமல் போட்டேன்.

அப்புறம் அத்தைக்குக் கண்ணில் புரை எடுக்க ஊரிலிருந்து வந்தார்கள். படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் ஹாலில் படுத்தோம். அத்தை ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவார்கள். நான் ஆபீஸிலிருந்து வருவதே ஒன்பதரைக்கு. ஆபரேஷன் ஆன கண், விளக்குப் போட முடியாது. இருட்டில் பீரோவைத் திறந்தால், "என்னம்மா தேடுற?" என்று கேட்பார்கள். "ரெண்டு வருஷம் ஆச்சே, ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கலாம்ல?" என்று அன்றைக்குக் காலையில்தான் கேட்டிருந்தார்கள். அந்த அட்டையின் கடைசி இரண்டு மாத்திரைகளை நான் போடவில்லை. ரெண்டுதானே, எப்படியும் முடியப் போகிறது என்று விட்டுவிட்டேன். ஏழு நாள் கழித்துப் புது அட்டை வாங்கப் போனால் ஆபீஸ் பக்கத்துக் கடையில் ஸ்டாக் இல்லை. "திங்கக்கிழமை வந்துரும்மா" என்றார்கள். வீட்டுத் தெருக் கடையில் வாங்க முடியாது, அங்கே எல்லாரையும் தெரியும். இரண்டு நாள் தள்ளிப்போனது.

அடுத்த மாசம் தீட்டு வரவில்லை.

டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மாத்திரை விட்டே?"

"நாலு இருக்கும் டாக்டர்."

"அப்புறம் எப்படிம்மா? மாத்திரை தொண்ணூத்தொம்பது பர்சென்ட். ஒழுங்கா போட்டிருந்தா இது ஆகியிருக்காது."

அவர் சொன்னது பொய் இல்லை. மருத்துவப்படி சரியான வாக்கியம். ஆனாலும் அந்த வாக்கியத்தில் ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றியது. அது என்ன என்று கண்டுபிடிக்க எனக்குச் சில வருஷங்கள் ஆயின.

*

அந்தத் தொண்ணூற்றொன்பதிலிருந்தே ஆரம்பிப்போம். கருத்தடை மாத்திரைக்கு உண்மையில் இரண்டு எண்கள் உண்டு. ஒரு நாளும் தவறாமல், சொன்னபடியே போட்டால் முதல் வருஷத்தில் ஆயிரம் பேரில் மூன்று பேர் கர்ப்பமாவார்கள். அதாவது 0.3 சதவீதம். இது 'சரியான பயன்பாடு'. நிஜ வாழ்க்கையில் பெண்கள் போடுகிறபடி போட்டால் நூறு பேரில் ஏழு பேர். இது 'வழக்கமான பயன்பாடு'. 2011-இல் வந்த அமெரிக்கக் கணக்கில் இது ஒன்பதாக இருந்தது, 2018-இல் ஏழு என்று திருத்தினார்கள். மருந்து மாறவில்லை. வேறு வருஷங்களின் வாழ்க்கையைக் கணக்கெடுத்தபோது எண் மாறியது.

ஒப்பிட்டுப் பார்க்க: எந்தத் தடையும் இல்லாமல் இருந்தால் ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 85 பேர் கர்ப்பமாவார்கள். ஆணுறையை வழக்கமான முறையில் பயன்படுத்தினால் 13. ஆகவே மாத்திரை நல்ல மாத்திரைதான். அதை நம்பாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாம் ஒரு வருஷக் கணக்கு. 25 வயதில் ஆரம்பித்துப் பத்து வருஷம் மாத்திரையை நம்பி இருப்பவருக்கு இந்த எண் என்ன சொல்கிறது? எல்லா வருஷமும் அதே ஏழு சதவீதம் என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால், பத்து வருஷத்தில் நூறு பேரில் பாதிக்குக் கொஞ்சம் மேல் வரும். நிஜத்தில் அவ்வளவு வராது. முறை ஒத்துவராதவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்திலேயே கர்ப்பமாகியோ மாத்திரையை விட்டோ கணக்கிலிருந்து வெளியே போய்விடுவார்கள், மிச்சம் இருப்பவர்களிடம் விகிதம் குறையும். கருத்தடை முறைகளை அளக்க 1933-இல் ரேமண்ட் பெர்ல் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தார். அதன்படி நூறு பெண்கள் ஒரு வருஷம் பயன்படுத்தினால் எத்தனை கர்ப்பம் என்று பார்க்க வேண்டும். அதில் உள்ள சிக்கலும் இதுதான். எவ்வளவு நீண்ட காலம் பார்க்கிறோமோ அவ்வளவு நல்ல எண் கிடைக்கும், ஏனென்றால் தோற்றவர்கள் வெளியேறிவிட்டார்கள். ஜெயித்தவர்களை மட்டும் வைத்து எழுதிய வரலாறு மாதிரி.

இப்போது 0.3-க்கும் 7-க்கும் நடுவே இருக்கிற இடைவெளிக்கு வருவோம். அதற்கு வைத்திருக்கும் பெயர் 'பயன்படுத்துபவரின் தவறு'. மாத்திரைக்கு 0.3, மீதியெல்லாம் பெண்ணின் மறதி. டாக்டரம்மாவின் வாக்கியம் இந்தப் பெயரிலிருந்துதான் வந்தது.

ஆனால் வழக்கமான பயன்பாடு என்ற எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் பெரிய அளவில் பெண்களிடம் சர்வே எடுக்கிறார்கள். இந்த மாசம் எந்த முறையில் இருந்தீர்கள் என்று கேட்கிறார்கள். "மாத்திரை" என்று சொன்னவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில் சேருவார்கள். மறந்தவர், அட்டை தீர்ந்து வாங்கக் காசில்லாதவர், கடையில் ஸ்டாக் இல்லாதவர், பயணத்தில் பை தொலைத்தவர், தலைவலி தாங்காமல் நாலு நாள் நிறுத்தியவர், பீரோ இருக்கும் அறையில் மாமியார் தூங்கியவர் என்று எல்லாரும் அந்த ஏழுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே முகம்: மறந்தவள்.

*

மறதியைப் பற்றி ஒரு கதை உண்டு. நிஜக் கதை.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் டேவிட் வாக்னர் என்று ஒரு பொறியாளர். நாலு குழந்தைகள். 1960-களின் தொடக்கத்தில் அவர் மனைவி டோரிஸ் மாத்திரை போட ஆரம்பித்தார். அப்போது மாத்திரைகள் சாதாரண பாட்டிலில் வரும், எத்தனையாவது நாள் என்று பாட்டிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. வாக்னர் மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருப்பார், "இன்னைக்குப் போட்டியா?" டோரிஸுக்குக் கடுப்பாகும். கடைசியில் அவர் ஒரு தாளில் கிழமைகளை எழுதி, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு மாத்திரை வைத்து, அலமாரி மேஜையில் வைத்தார். கொஞ்ச நாள் ஓடியது. ஒரு நாள் ஏதோ மேலே விழுந்து தாளும் மாத்திரைகளும் தரையில் சிதறின. பிறகு பிளாஸ்டிக் தகடு, டிரில், குழந்தையின் பொம்மையிலிருந்து எடுத்த ஒரு பொத்தான் எல்லாம் வைத்து வட்டமான ஒரு டப்பா செய்தார். திருப்பினால் ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை விழும். 1964-இல் காப்புரிமை கிடைத்தது. இன்று நம் கையில் இருக்கிற கிழமை போட்ட அட்டைகளுக்கெல்லாம் அது முன்னோடி. அவர் செய்த மாதிரி இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு இந்தக் கதை பிடிக்கும், கொஞ்சம் எரிச்சலும் வரும். பிடிக்கும், ஏனென்றால் மறதி என்பது மனைவியின் குணம் என்று அவர் விட்டுவிடவில்லை. பொருளை மாற்றினால் மறதி குறையும் என்று ஒரு பொறியாளராக யோசித்தார். எரிச்சல் ஏனென்றால் அந்த அட்டையின் ஆரம்பமே கணவனின் கேள்வி. "போட்டியா?" என்று ஒரு குரல் கேட்கிறது, அந்தக் குரலுக்குப் பதில் சொல்லத்தான் கிழமைகள் அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொரு அட்டையும் ஒரு வருகைப் பதிவேடு.

என் வீட்டில் அவரும் கேட்டார். எல்லாம் ஆன பிறகு. "ஹேண்ட்பேக்ல வெச்சிருக்கலாம்ல?" என் தோழியும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். வைத்திருக்கலாம்தான். ஆனால் அவர் பிள்ளை, அம்மா தூங்குகிற அறைக்குள் எப்போது வேண்டுமானாலும் போய் வரலாம். மொபைல் சார்ஜர் எடுக்கப் பத்துத் தடவை போனார். ஒரு தடவைகூட அட்டையை எடுத்துக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. கேட்க எனக்கும் தோன்றவில்லை. இது என் வேலை என்றே இரண்டு பேரும் நினைத்திருந்தோம். இந்த வரியை நான் அவர் மேல் குறையாக எழுதவில்லை. ஏழு சதவீதத்துக்குள் இதற்கு ஒரு கட்டம் இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

*

இப்போது அந்தக் காகிதம். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் மேல் ஒரு மரியாதை வரும்.

முதல் மாத்திரையான எனோவிட், 1956-இல் போர்ட்டோ ரிக்கோவில், ரியோ பியேத்ராஸ் என்ற இடத்தின் குடியிருப்புப் பெண்களிடம் பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. சோதனையை அங்கே நடத்தியவர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண் மருத்துவர். அவர் அனுப்பிய அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. மாத்திரை நூறு சதவீதம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் 17 சதவீதம் பெண்களுக்கு மயக்கம், குமட்டல், தலைவலி, வாந்தி என்று தொந்தரவுகள், பொதுப் பயன்பாட்டுக்கு இது அதிகம். மேலே இருந்தவர்கள் முதல் விஷயத்தை எடுத்துக்கொண்டார்கள். 1960-இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு அனுமதி கிடைத்தது. அந்த மாத்திரையில் ஹார்மோன் அளவு இன்றைய மாத்திரைகளைவிடப் பல மடங்கு.

ரத்தம் உறைதல் பற்றிய செய்திகள் வர ஆரம்பித்தன. 1969-இல் பார்பரா சீமன் என்ற பத்திரிகையாளர் மாத்திரையின் ஆபத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷம் அமெரிக்க செனட்டில் விசாரணை. மாத்திரை போடுகிற ஒரு பெண்ணைக்கூடச் சாட்சி சொல்ல அழைக்கவில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் எழுந்து கத்தினார்கள். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்பதுதான் அவர்கள் கேள்வி. அதே 1970-இல் ஒவ்வொரு பெட்டியிலும் பெண்களுக்கான எச்சரிக்கைக் காகிதம் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஆக, நான் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தது ஒரு போராட்டத்தின் காகிதம்.

ஆனால் அந்தக் காகிதம் யாரை நினைத்து எழுதப்பட்டிருக்கிறது? என் கையில் இருந்தது ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் இருந்தது. அதன் வாசகிக்குத் தனி அறை இருக்கிறது. தினம் ஒரே நேரத்தில் அவள் சும்மா இருக்கிறாள். மருந்துக் கடையில் கூச்சமில்லாமல் கேட்கிறாள். விட்டுப்போனால் ஆணுறை போடச் சொல்லிக் கணவனிடம் சொல்கிறாள், அவனும் சரி என்கிறான். இப்படி ஒரு பெண் உலகத்தில் எங்காவது இருப்பாள். 0.3 சதவீதம் அவளுக்கான எண்.

அதே காகிதத்தில், நடுப்பக்கத்தில், எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமும் இருந்தது. மாத்திரை எந்த நாளில் விட்டுப்போகிறது என்பது முக்கியம். அட்டையின் நடுவில் ஒன்று விட்டுப்போனால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டால் போதும், அன்றைக்கு இரண்டாக ஆனாலும் பரவாயில்லை. ஆபத்து அட்டையின் இரண்டு ஓரங்களிலும்தான். ஏழு நாள் இடைவெளியில் சினைப்பை மெல்ல விழிக்க ஆரம்பிக்கிறது. எட்டாம் நாள் புது அட்டையைத் தொடங்கினால் மறுபடி அடங்கிவிடும். இடைவெளி நீண்டால் முட்டை வெளிவரலாம். எனக்கு முன்னால் இரண்டு, நடுவில் ஏழு, பின்னால் இரண்டு, மொத்தம் 11 நாள். "எப்படியும் முடியப் போகிறது" என்று நான் விட்ட அந்தக் கடைசி இரண்டுதான் விடக்கூடாத இரண்டு. கடைசி வாரத்தில் இரண்டோ அதற்கு மேலோ விட்டுப்போனால், இடைவெளியே விடாமல் நேராக அடுத்த அட்டைக்குப் போக வேண்டும், ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். இதைப் பதினாலு மாசத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. "தினமும் போடும்மா" என்றுதான் சொன்னார்கள்.

சொல்ல வேண்டிய இன்னொன்று, ஒரு மாத்திரைகூட விடாதவர்களும் அந்த ஏழுக்குள் வரலாம். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், கார்பமாசெபைன் போன்றவை கல்லீரலைத் தூண்டி, மாத்திரையின் ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த மாத்திரை கணக்கில் இல்லை. காசநோய் இவ்வளவு இருக்கிற நாட்டில் ரிஃபாம்பிசின் பற்றிய வரி பெட்டியின் மேலேயே தமிழில் இருக்க வேண்டும். அவசர மாத்திரையும் அப்படித்தான். நாட்டுச் சட்டப்படி சீட்டில்லாமல் வாங்கலாம். தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் பல வருஷமாக, கேட்டால் "அது வர்றதில்லம்மா" என்ற பதில்தான் பெரும்பாலும். காகிதம் காட்டுகிற மாற்று வழி நம் தெருவில் முட்டுச்சந்து.

*

பெண்களுக்கு மறதி அதிகம், அதனால்தான் ஏழு என்று இன்னும் யாராவது சொன்னால், அவர்களுக்கு ஓர் ஒப்பீடு. காப்பர் டி-யின் இரண்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சரியாக 0.6, வழக்கமாக 0.8. அதே பெண்கள், அதே வீடு, அதே மாமியார். இடைவெளி மட்டும் காணாமல் போய்விட்டது. அந்த முறை அவளிடம் தினமும் ஒன்றும் கேட்பதில்லை. ஆகவே இடைவெளி பெண்ணின் மூளைக்குள் இல்லை. ஒரு முறை ஒரு வாழ்க்கையிடம் எவ்வளவு கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது.

அப்படியானால் எல்லாரும் காப்பர் டி போட்டுக்கொள்ளலாமே? இங்கேதான் நான் என் வாதத்தையே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். மாத்திரை போடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆபரேஷன் மிகவும் நம்பகமானது. எதனால்? அதற்குப் பிறகு பெண்ணை நம்ப வேண்டிய தேவையே இல்லை. 'நம்பகமான முறை' என்று நாம் சொல்கிற பட்டியலில் மேலே போகப் போக, அவள் கையில் இருப்பது குறைந்துகொண்டே வரும். காப்பர் டி-யை எடுக்க இன்னொருவர் கை வேண்டும். மாத்திரையை நிறுத்த நாளைக் காலையில் அவள் நினைத்தால் போதும். அவளால் நிறுத்த முடிகிற ஒன்று, அவளிடம் விட்டுப்போகவும் முடிகிற ஒன்றாகத்தான் இருக்கும். அந்த ஏழில் ஒரு பங்கு அந்தச் சுதந்திரத்துக்கான விலை.

மாத்திரை பிறப்பதற்கு முன்பே, 1930-களில், பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றி எழுதினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' தொகுப்பில் அது இருக்கிறது. தாயின் உடல்நலத்துக்காக, நாட்டின் பொருளாதாரத்துக்காக என்று மற்றவர்கள் கேட்டபோது, பெண் சுதந்திரமாக இருப்பதற்காகவே வேண்டும் என்று அவர் கேட்டார். அரசுத் திட்டம் பிறகு எடுத்தது மற்றவர்களின் பாதையை. எத்தனை பிறப்புகளைத் தடுத்தோம் என்பது அதன் கேள்வி. பெரியாரின் காரணத்தை வைத்து அளந்தால் நம்பகம் என்ற சொல்லுக்கே வேறு பொருள் வரும். கர்ப்பத்தைத் தடுப்பதோடு, தடுப்பதா வேண்டாமா என்பதை அவள் கையில் வைத்திருப்பதும் அதில் சேரும். இரண்டையும் சேர்த்து அளக்கிற எண் இன்னும் எந்தக் காகிதத்திலும் அச்சாகவில்லை.

*

கடைசியாக இன்னொரு காகிதம்.

ஏழாவது வாரத்தில் நான் கர்ப்பத்தைக் கலைத்தேன். சட்டப்படி, ஆஸ்பத்திரியில். அதற்கு முன்னால் டாக்டரம்மா ஒரு படிவத்தை நிரப்பினார். ஏன் கலைக்கிறார்கள் என்று காரணங்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. ஒன்றில் டிக் அடித்தார். மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து தலைகீழாகப் படித்தேன். கருத்தடைச் சாதனம் அல்லது முறையின் தோல்வி.

1971-ஆம் வருஷச் சட்டத்தின் சொற்கள் அவை. அப்போது மணமான பெண்ணுக்கும் அவள் கணவனுக்கும் மட்டும் என்று இருந்தது. 2021-இல் எந்தப் பெண்ணும் அவள் துணையும் என்று மாற்றினார்கள். சட்டம் எழுதியவர்கள் யோசித்துச் செய்தார்களா தெரியாது, ஆனால் அந்த வாக்கியத்தில் தோற்பது முறைதான். பெண் தோற்கவில்லை. அவள் எத்தனை மாத்திரை விட்டாள் என்று அது கேட்கவில்லை.

பத்து நிமிஷத்துக்கு முன்னால் "ஒழுங்கா போட்டிருந்தா" என்று சொன்ன அதே கைதான் அந்த டிக்கை அடித்தது. அவர் கெட்டவர் இல்லை. இரண்டு பிரதிகள் அவருக்குள் இருந்தன, ஒன்றை வாயால் சொன்னார், ஒன்றைப் பேனாவால் எழுதினார். அந்த இரண்டு வாரத்தில் என்னைக் குற்றம் சொல்லாமல் என்னைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வாக்கியம் அந்த அரசாங்கப் படிவத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது அழுதேன். டாக்டரம்மா பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து, "ஒண்ணும் ஆகாதும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகும் மாத்திரைதான் போடுகிறேன். பீரோவில் இல்லை, ஃப்ரிட்ஜ் மேலே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன். அத்தை போன மாசம் வந்தபோது எடுத்துப் பார்த்துவிட்டு, "இது அந்த மாத்திரையா?" என்றார்கள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "எங்க காலத்துல இதெல்லாம் யாரு சொன்னா" என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.